வட்டக்கறிக்கு உப்புப் பார்த்தவள்

மகனே,

உன் கடிதம் போன வாரத் தபாலில் வந்தது. மொத்தமே நாலு வரி. ராசத்தைப் பெண் கேட்டு அவள் அம்மா மாடத்தியிடம் நான் நேரில் போவேனா மாட்டேனா, அதை மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்லியிருக்கிறாய். வண்டிப்பெரியாரில் தேயிலை பாக்டரி மிஷின் வேலைக்குப் போனதிலிருந்து நீயும் மிஷின் மாதிரி ஆகிவிட்டாய். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் வந்துவிட வேண்டும் உனக்கு. எனக்கு அப்படி வராது. மதியச் சாப்பாடு அனுப்பிவிட்டு, துரை கண்ணயரும் நேரமாகப் பார்த்து, பங்களாச் சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து மூன்று நாளாக இதை எழுதுகிறேன். வலது கை விரல்கள் பென்சிலைப் பிடித்தால் விட மறுக்கின்றன, விட்டால் பிடிக்க மறுக்கின்றன. கைமா மிஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வந்த வினை. அலுப்பாக இருக்கிறது மகனே. உடம்பு அலுப்பு மட்டும் என்றால் ஒரு வென்னீர்க் குளியலில் போய்விடும்.

கடிதத்தில் "மாடத்தி அத்தை" என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் எனக்கு நாக்குத் தடுக்கியது. அவள் கவனித்தாள். பங்களா முற்றம் கூட்டுகிறவளை அத்தை என்று சொல்லும் பிள்ளையைப் பெற்றிருக்கிறோம் என்பதை அவள் மனசுக்குள் புரட்டிப் பார்த்திருப்பாள். மாடத்தி உன்னிடம் சொல்லி அனுப்பியதையும் எழுதியிருந்தாய்: உங்க அப்பா வந்து அவர் வாயால கேட்டாத்தான் மேற்கொண்டு பேச்சு, இல்லேன்னா என் மக என் வீட்டுலயே இருக்கட்டும். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நீ கேட்கவில்லை. ராசம் உனக்குச் சொல்லியிருப்பாள். எந்தக் காலத்திலோ சொல்லியிருப்பாள். நீயும் என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்காமலே இத்தனை வருஷம் இருந்துவிட்டாய். என் வாயாலும் ஒரு தடவை கேட்டுக்கொள்.

நான் பங்களா குக் என்பது தெரிந்துதான் நீ பிறந்தாய். எப்படி ஆனேன் என்பது தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் மழை பொய்த்த வருஷம் கங்காணி பின்னால் மலையேறி வந்தவன் நான். தேயிலைச் செடி கவாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கிவிட்டது. நொண்டுகிறவனை மலைச்சரிவில் வைத்து என்ன செய்வது என்று பங்களாவுக்கு விறகு பிளக்க அனுப்பினார்கள். அங்கே கொச்சிக்காரக் கிழவர் ஒருவர் குக்காக இருந்தார். வெங்காயம் உரிப்பதில் ஆரம்பித்து ரொட்டி சுடுவது வரைக்கும் அவர் பக்கத்தில் நின்றே படித்தேன். அவர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. துரை என்னைப் பார்த்து நீயே செய் என்றார். கோழி, முட்டை, மீன் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன். வியாழக்கிழமை கூடை வந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ராஜா சீமை, மாடு வெட்ட விடமாட்டார்கள் என்பதால் போடியிலிருந்து வாழை இலை சுற்றி, ஈரச்சாக்குப் போட்டு, தலைச்சுமையாக வரும் கறி அது. கிழவர் இருக்கும்போது அந்தக் கூடைப் பக்கமே நான் போனதில்லை. இப்போது அதைப் பிரிக்க என்னைத் தவிர ஆளில்லை. அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கை தொடலாம், வாய் தொடக்கூடாது. உன் அம்மா அதன் மேல் இன்னொரு சட்டம் போட்டாள். நம் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு அண்டாத் தண்ணீர், மாற்று வேட்டி. குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். மார்கழிக் குளிரிலும் அதற்கு விலக்குக் கிடையாது. நம் ஆட்கள் என்னைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. ஆனால் பிள்ளைக்குச் சோறு உண்டா என்று கேட்டவனும் இல்லை.

அந்தக் கறியில் கட்லெட்டு செய்வதில் எனக்குப் பயமில்லை. அதில் உருளைக்கிழங்கு, வெங்காயம், இஞ்சி, மல்லித்தழை என்று பத்துச் சாமான் விழும். மேலே முட்டையும் ரொட்டித்தூளும் போர்த்திப் பொரித்தால் உப்பு முன்னே பின்னே இருந்தாலும் மூடிவிடும். குத்துமதிப்பாகப் போட்டே காலம் தள்ளிவிட்டேன். பிறகுதான் நம் துரை கல்யாணம் செய்துகொண்டு வந்தார். வந்த துரைசாணி அமெரிக்காவில் பிறந்தவளாம். வந்த இரண்டாவது வாரமே சமையற்கட்டுக்குள் வந்து, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, எங்கள் ஊர்ப் பண்டம் ஒன்று கற்றுத் தருகிறேன் என்றாள். ஆம்பர்கர் என்று பெயர் சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை, வட்டக்கறி என்று வைத்துக்கொண்டேன். நாலு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு, மிஷினில் ஒரே சுற்று. வெங்காயம் கூடாது, மசாலா கூடாது, முட்டை கூடாது. நான் பழக்கத்தில் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். உருட்டாதே, அழுத்தாதே, ஒட்டினால் போதும் என்றாள். தட்டிய வட்டத்தின் நடுவில் பெருவிரலால் ஒரு சின்னப் பள்ளம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் நடு உப்பிக்கொள்ளும். உப்பும் மிளகுத்தூளும் கல்லில் போடுவதற்குச் சற்று முன்னால்தான். முதலிலேயே உப்பைப் போட்டுப் பிசைந்தால் கறி ரப்பராகிவிடும். கல் புகைய வேண்டும். போட்ட பிறகு கரண்டியால் அமுக்கினால் சாறெல்லாம் ஓடிவிடும், ஒரே தடவை திருப்பி எடுத்துவிட வேண்டும். நான் சுட்ட உருண்டை ரொட்டியை இரண்டாகப் பிளந்து நடுவில் வைத்து, கையாலேயே கடித்துத் தின்றாள், துரை எதிரில். நானானால் அப்படி ஒரு சாப்பாட்டை அதுவரை பார்த்ததில்லை. லேசாகப் பிடி, அமுக்காதே என்பதில் குடும்ப வாழ்க்கைக்கு உபதேசம் இருக்கிறதா என்று தேடாதே. கறிக்குச் சொன்னது கறிக்குத்தான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மறைக்க ஒரு சாமானும் இல்லாத கறியில் உப்புத்தான் எல்லாம். மழைக்காலத்தில் உப்புக் கல்லெல்லாம் நீர்த்துக் கிடக்கும், நேற்றுப் போட்ட அளவு இன்று பேசாது. கொழுப்பு ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். வாயில் வைத்துப் பார்த்தால் முடிந்தது. நான் வைக்க மாட்டேன். முதல் தடவை துரைசாணி சிரித்தாள். இரண்டாம் தடவை தண்ணீர் கேட்டாள். மூன்றாம் தடவை துரை தட்டைத் தள்ளிவிட்டு, தான் சமைப்பதைத் தின்னத் தெரிந்த குக்கைக் கொச்சியிலிருந்து வரவழைக்கப் போவதாகச் சொன்னார். அன்று நீ பள்ளிக்கூட ஸ்லேட்டு உடைந்துவிட்டது என்று அழுதுகொண்டிருந்தாய். வேலை போனால் நொண்டிக்காலோடு நான் எங்கே போவேன்? பின்வாசலில் மாடத்தி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் அந்தக் கறி கிடைத்தால் சமைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கூப்பிட்டேன். ஒரு சின்ன வட்டம் தட்டி முதலில் வாட்டி, இலைத்துண்டில் வைத்து, பின்வாசல் கீழ்ப்படியில் வைத்துவிட்டு நான் நாலடி தள்ளி நின்றுகொண்டேன். அவள் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "ஒரு சிட்டிகை போடுங்க குக்கையா" என்றாள். அன்று துரைசாணி எழுந்து வந்து என் முதுகில் தட்டினாள். அப்புறம் வியாழக்கிழமைதோறும் அதுதான் ஏற்பாடு. கை என்னுடையது, வாய் அவளுடையது. அவளுக்கு நான் ஒரு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. ஆடி மாதம், ஒரு மத்தியானம், வேறு எஸ்டேட்டுத் துரைகள் ஆறு பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். மழை கொட்டுகிறது. கீழ்ப்படியில் இலை நிற்கவில்லை, தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் உள்ளேயிருந்து சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துகிறேன். அவள் நனைந்தபடி படியேறி, வாசலைத் தாண்டி ஒரு கால் உள்ளே வைத்து, கல்லின் ஓரத்திலிருந்த சின்ன வட்டத்தை எடுக்கக் கை நீட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரண்டியை ஓங்கிக்கொண்டு போனேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் இறங்கிப் போன பிறகு ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, அவள் கால் வைத்த இடத்தைக் கழுவிவிட்டேன். மாட்டுக்கறி புகைந்துகொண்டிருக்கிற சமையற்கட்டு அது, மகனே. அதை நான் அவள் கால் பட்டுவிட்டது என்று கழுவினேன். ராசத்துக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மாவைக் கூட்டிப்போக வந்து, கொய்யா மரத்தடியில் நின்று முழுவதையும் பார்த்தாள். கழுவின தண்ணீர் படி வழியாக அவள் கால்மாட்டுக்குத்தான் ஓடியது.

அடுத்த வியாழக்கிழமை மாடத்தி வரமாட்டாள் என்று பயந்தேன். வந்தாள். இலையை எடுத்தாள், ஆனால் அங்கேயே நின்று தின்னவில்லை. கொய்யா மரத்துக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்து, "சரியா இருக்கு" என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. என் மேல் மரியாதை வந்துவிட்டது, என் கண்ணெதிரில் தின்னக் கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு கொழுப்பு பார் எனக்கு. அப்படியே ஆறு வருஷம். அந்த வட்டக்கறிக்கு மலை முழுக்கப் பேர். துரைசாணி அவள் ஊருக்குத் திரும்பும் வரைக்கும் விருந்து என்றால் அதுதான். ஒரே ஒரு தடவை மட்டும் நினைவு தப்பி உப்பு இரண்டு முறை விழுந்து, தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. நான் மாடத்தியைப் பிடித்துத் திட்டினேன். "கவனிக்கல குக்கையா" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ ராசத்தைப் பற்றிச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "மாட்டுக்கறி திங்கிற வீட்டுலயா பொண்ணு எடுப்பே?" என்றேன். என் கையைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போனாய். நீ நாலு வார்த்தை பேசியிருந்தால் நான் எட்டு வார்த்தை பேசி ஜெயித்திருப்பேன். அந்தப் பார்வையைத்தான் என்னால் ஜெயிக்க முடியவில்லை. அதிலிருந்து கூடையைப் பிரிக்கும்போதெல்லாம் என் கையை நானே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வயசான காலத்தில் தேவையா இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் லயத்துக்குப் போனேன். முப்பது வருஷத்தில் அந்த வரிசைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ராசம் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். மாடத்தி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன குக்கையா, வழி தப்பி வந்துட்டீகளா?"

"தப்பல. உன்னையப் பாக்கத்தான் வந்தேன். என் மகனுக்கு உன் மகளைக் கேட்டு வந்திருக்கேன்."

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு பலகையைக் காலால் தள்ளிவிட்டாள், உட்கார்ந்தேன். "நான் ஒண்ணு கேக்கேன்" என்றாள். "அந்த வட்டக்கறிக்கு எத்தனை வருசம் உப்புப் பாத்தேன்?"

"ஏழு வருசம் இருக்கும்."

"ஒரு வருசந்தான் பாத்தேன். நீங்க கழுவிவிட்ட நாளுக்கு அப்புறம் ஒரு தரங்கூட நான் அதை வாயில வைக்கல. மரத்துக்குப் பின்னால ஒரு நாய் படுத்துக் கெடக்கும். அதுக்குப் போட்டுட்டு வந்து சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. "அப்ப உப்பு?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி உப்பில்தான் நிற்கிறது.

"உங்க கைக்கு ஒரு வருசத்துலயே படிஞ்சு போச்சு. உங்களுக்குத்தான் அது தெரியல. அந்த ஒரு தடவை ரெண்டு மடங்கு விழுந்துச்சு, நாய் வந்து என்னத்தச் சொல்லும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா மறுநாளு முத்தம் கூட்ட வேற ஆளு வந்திருக்கும். ராசத்துக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?" என்றாள். பிறகு கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் இவ ஒரு செம்புத் தண்ணி எடுத்தா. என் காலைக் கழுவுனா. கழுவிட்டு, உன் கால்ல என்னம்மா இருந்துச்சுன்னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

மகனே, எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் இந்த வயதில் வரும் என்று எனக்குத் தெரியாது. அவள் நாக்கால்தான் என் வேலை நிற்கிறது என்று நம்பிக்கொண்டே அவளைப் படிக்குக் கீழே நிறுத்தினேன். அந்த நாக்கும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது, அந்த ஒரு வருஷம் மட்டும். மிச்ச ஆறு வருஷமும் அவள் குனிந்து இலையை எடுத்தது எதற்கு? "நான் செஞ்சது தப்பு மாடத்தி" என்றேன். என் வாயிலிருந்து அது வர எவ்வளவு நேரம் ஆனதோ, உள்ளே அடுப்பில் எதுவோ அடிப்பிடித்து, ராசம் இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"தப்புன்னு சொல்லிட்டுப் போறது லேசு" என்றாள். "நாளைக்கு இவ உங்க வீட்டுக்கு வந்தா எந்தப் பானையத் தொடலாம், எதத் தொடக்கூடாதுன்னு இருக்கும். அதை நான் வந்தா பாத்துக்கிட்டு இருக்க முடியும்? பிள்ளை நல்ல பிள்ளை. அவன் பேருல எனக்கு ஒரு குறையும் இல்ல. பயம் உங்க பேருலதான்." நான் சத்தியம் செய்யக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "கல்யாணம் எங்க லயத்துல. மறுநாளு கறிச்சோறு. சமையல் எங்க ஆளுக. நீங்க கரண்டியத் தொடக்கூடாது. பந்தியில உக்காந்து எல்லாரையும் போலச் சாப்பிடணும்."

"என்ன கறி?"

"அன்னைக்குக் கெடச்ச கறி. உங்களுக்குன்னு தனிச் சட்டி வைக்க மாட்டோம்."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "என் பக்கத்துல யாரு உக்காருவா?" என்று கேட்டுவைத்தேன். பைத்தியக்காரக் கேள்வி.

"நான்தான். வேற யாரு?" என்றாள்.

ஒத்துக்கொண்டேன் மகனே. பெண்ணைக் கொடுக்கிறாள். தை பிறந்ததும் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நீ சந்தோஷப்படு. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன், கழுவின கதை உட்பட. அதை அவளிடமும் நான் சொன்னதில்லை. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "நானும் வாரேன். எனக்கு அந்தக் கறி எறங்காது. வெறும் சோறு போதும்னு நானே அவகிட்ட கேட்டு வாங்கிக்கிடுதேன். நீங்க நடுவுல பேசாதீக" என்றாள். ராசம் வந்தால் அரிசிப் பானை அவள் கையில்தான் என்றும் சொன்னாள். யோசித்துச் சொல்கிறாயா என்று கேட்டேன். வருகிறவள் சமைக்காமல் நான் சாகிற வரைக்கும் சமைத்துக்கொண்டிருக்கவா என்று என்மேல் பாய்ந்தாள். நம் வீட்டில் நல்ல வார்த்தை எப்போது வந்தாலும் சண்டை மாதிரித்தானே வரும்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. உன் பிழைப்புக்கு யாரையாவது நம்ப வேண்டி வந்தால், அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நம்பு. எனக்கு இது தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. தெரிந்த பிறகும் கையும் காலும் பழையபடிதான் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவள் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால் என் கை ஒரு நொடி நின்றது. குடித்தேன், ஆனால் நின்றது. அவளும் அதைப் பார்த்தாள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் என் முகத்தைப் பார்க்காதே. மனசு சரி என்று சொல்லிவிட்டது. தொண்டை என்ன சொல்லும் என்பது எனக்கே தெரியாது. முகம் சுளித்தாலும் சுளிக்கும், குமட்டினாலும் குமட்டும். நீயும் ராசமும் அதைப் பார்த்து மனசு ஒடிய வேண்டாம், உங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிடுங்கள். மாடத்தி பார்ப்பாள். பக்கத்தில் உட்காருவேன் என்று அவள் சொன்னதே அதற்குத்தான். அவள் பார்க்கட்டும்.

உன் அப்பா